எட்டு போட்டா போதுமா பாஸ்?

கிளாஸ் ரூமில் ஒரு குட்டி சர்வே எடுத்துப் பாருங்கள். ‘‘பைக், ஸ்கூட்டர் ஓட்டத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க!’’ முக்கால்வாசி கைகள் மேலே போகும். ‘‘லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க?’’ சில கைகள் நைஸாக இறங்கும். ‘‘ஃபீஸ் கட்டி, டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து, முறைப்படி டூ-வீலர் கத்துக்கிட்டவங்க?’’ இப்போது மேலே சுற்றிக்கொண்டிருப்பது ஃபேன் மட்டும்தான்!

நம்ம ஊரில் பைக் ஓட்டுவது இன்னமும் குருகுலக் கல்விதான். குரு யார்? அண்ணன், மாமா பையன், பக்கத்துத் தெரு சீனியர். வகுப்பறை? ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு கிரவுண்ட். பாடத்திட்டம்? ‘‘கிளட்சைப் பிடி, ஃபர்ஸ்ட் போடு, மெதுவா விடு... டேய், மெதுவாடா!’’ அரை மணி நேரத்தில் பட்டமளிப்பு விழா முடிந்துவிடும். அடுத்த ஞாயிறு அந்தப் புது பட்டதாரியே இன்னொருத்தருக்கு குரு!

கார் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரு பயபக்தி வந்துவிடுகிறது. ஸ்கூலைத் தேடுகிறோம், பேக்கேஜ் விசாரிக்கிறோம், பக்கத்து சீட்டில் மாஸ்டர் இல்லாமல் தெருமுனைகூடத் தாண்டுவதில்லை. நாலு சக்கரத்தில் தானாகவே நிற்கிற வண்டிக்கு வாத்தியார் வேண்டும். விட்டால் கீழே சாய்கிற வண்டிக்கு ‘சைக்கிள் பேலன்ஸ் இருக்குல்ல, அப்புறமென்ன’ என்பது என்ன லாஜிக்கோ தெரியவில்லை.

இந்த லாஜிக்குக்கு நாடு கொடுக்கிற விலை கொஞ்சநஞ்சமல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் டூ-வீலரில் போனவர்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் மேல்! நாளொன்றுக்கு 205 பேர். மணிக்கு எட்டுப் பேருக்கும் அதிகம். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

ஹெல்மெட் போடாதது, ஸ்பீடு, ரோட்டுப் பள்ளம், குடி என்று காரணங்களின் பட்டியல் பெரிசு. ஆனால், ‘வண்டி ஓட்ட இவருக்கு யார் கற்றுக்கொடுத்தது?’ என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போமே! அரசாங்கம் இதற்கு ரூல் எதுவும் போடவில்லையா?

போட்டிருக்கிறது. ஆச்சரியமாக இருக்கும், ஏகப்பட்டது போட்டிருக்கிறது!

பேப்பரில் கில்லி!

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 12-வது பிரிவு டிரைவிங் ஸ்கூல்களுக்கானது. அதைச் செயல்படுத்தும் விவரங்கள் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ல் ஆரம்பித்து 31 வரை வரிசையாக இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டச் சொல்லித்தரும் யாராக இருந்தாலும் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். அந்த லைசென்ஸுக்குப் பெயர் ஃபார்ம் 11. ஐந்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஸ்கூல் ஆரம்பிப்பவருக்குச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்க வேண்டும். அதில் பாடம் நடத்த ஒரு ஹால், கரும்பலகை, சிக்னல் மாடலோடு ஒரு ரோடு பிளான் போர்டு, டிராஃபிக் சின்னங்கள் சார்ட், பஞ்சர் கிட், ஸ்பேனர் செட், முதலுதவிப் பெட்டி, புத்தகங்கள் எல்லாம் இருக்க வேண்டும். உங்க ஏரியா டிரைவிங் ஸ்கூலை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஒரு மேஜை, ஒரு சாமி படம், ஒரு காலண்டர் தெரிகிறதா? கரும்பலகை தெரிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

சொல்லித்தருகிற மாஸ்டருக்கும் தகுதி உண்டு. பத்தாவது பாஸ், ஐந்து வருட ஓட்டுநர் அனுபவம், அதோடு மோட்டார் மெக்கானிக் படிப்புக்கான சர்டிஃபிகேட். டிராஃபிக் சின்னங்கள் அத்தனையும் அத்துப்படியாக இருக்க வேண்டும். வண்டியின் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கத் தெரிய வேண்டும். தமிழோ இங்கிலீஷோ ஒழுங்காக வர வேண்டும்.

பயிற்சிக்கும் அளவு இருக்கிறது. சொந்த உபயோக வண்டி என்றால் குறைந்தது 21 நாள், அதில் வண்டியைக் கையில் பிடித்து ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி. பைக்குக்கு மட்டும் ஒரு சலுகை: ஓட்டுப் பயிற்சிப் பாடத்தில் அந்த வண்டிக்குப் பொருந்துவதை நடத்தினாலே போதும். யார் யார் சேர்ந்தார்கள் என்பதற்கு ஃபார்ம் 14 ரெஜிஸ்டர். எந்த நாளில் யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று எழுதிவைக்க ஃபார்ம் 15. நம்ம அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் மாதிரிதான். பிராக்ஸி போட முடியுமா என்று கேட்காதீர்கள்!

கோர்ஸ் முடித்தால் ஃபார்ம் 5 சர்டிஃபிகேட். ஆர்.டி.ஓ. தரப்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வந்து ரெஜிஸ்டரையும் வண்டியையும் சோதிக்கலாம். தப்பு கண்டுபிடித்தால் விளக்கம் கேட்டுவிட்டு லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யலாம், ரத்தும் செய்யலாம். பேப்பரில் பார்த்தால் கில்லி!

அப்புறம் ஏன் யாரும் பைக் கற்றுக்கொள்ள ஸ்கூல் பக்கம் போவதில்லை?

இங்கேதான் ட்விஸ்ட். மேலே சொன்ன அத்தனை விதியும் சொல்லித்தருபவருக்கு. அதுவும், காசு வாங்கிச் சொல்லித்தருபவருக்கு. கற்றுக்கொள்கிறவர் ஸ்கூலுக்குப் போயே ஆக வேண்டும் என்று டூ-வீலருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. லாரி, பஸ் மாதிரி வண்டி என்றால் ஃபார்ம் 5 கேட்பார்கள். பைக்குக்கு? ‘இருந்தால்’ கொடுக்கலாம். ஒரு டீயும் சமோசாவும் வாங்கிக்கொண்டு ‘கிளட்சைப் பிடி’ சொல்லித்தரும் சீனியர், சட்டத்தின் கண்ணுக்கே தெரியாத ஆள். பத்தாவது பாஸா, பிரேக் என்றால் என்னவென்று அவருக்கே தெரியுமா என்றெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை.

அதே சமயம், ஈ.பி. கம்பத்தில் பார்க்கிறோமே, ‘பத்தே நாளில் ஸ்கூட்டர் பயிற்சி, பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்’ என்ற நோட்டீஸ்... அங்கே காசு கைமாறுகிறது. அவர் தனி ஆளாக இருந்தாலும் ஃபார்ம் 11 இல்லாமல் நடத்தக் கூடாது. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் என்று தமிழக அரசு அறிவித்தபோது, எல்.எல்.ஆருக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் பெண்கள் கூட்டம் அலைமோதியது ஞாபகம் இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில்தான் இந்தத் தனிப் பயிற்சியாளர்களின் தேவை புரிகிறது. அவர்களை விரட்டுவதில் அர்த்தம் இல்லை. அப்பா, அண்ணன் யாருமே சொல்லித்தராத ஒரு பெண்ணுக்கு ரோட்டைத் திறந்துவிடுபவர்கள் அவர்கள்தான். லைசென்ஸுக்குள் கொண்டுவருகிற மாதிரி விதியை இலகுவாக்கினால் ரெண்டு பக்கமும் லாபம்.

பின்சீட்டு வாத்தியார்

சட்டப் புத்தகத்தில் சில இடங்களைப் படித்தால் சிரிப்பு வரும். எல்.எல்.ஆர். விதியைப் பாருங்கள். எல்.எல்.ஆர். மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகுகிறவர் கூடவே, லைசென்ஸ் உள்ள ஒரு பயிற்றுநர் இருக்க வேண்டும். சும்மா இருந்தால் பத்தாது. வண்டியைக் ‘கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ’ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

காரில் சரி. பக்கத்து சீட், காலுக்குக் கீழே இன்னொரு பிரேக். பைக்கில் அந்த இடம் எது? பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமா பையன் முன் பிரேக்கை எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால், முன்னால் இருப்பவரைக் கட்டிப்பிடித்தாக வேண்டும்! பின் பிரேக்கா? அதற்கு அவர் கால் இன்னும் ஒரு முழம் வளர வேண்டும்.

இது விதி எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. ஸ்கூல் வண்டிகள் எல்லாவற்றிலும் ரெட்டைக் கன்ட்ரோல் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி, ‘மோட்டார் சைக்கிள் நீங்கலாக’ என்று சேர்த்துச் சொல்கிறது. பைக்கில் வாத்தியாருக்கு பிரேக் கிடையாது. மாணவன் தப்பு செய்தால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழ வேண்டும். ஆக, டூ-வீலர் பயிற்சியின் மொத்த சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. ரோட்டுக்கு வந்த பிறகு வாத்தியாரால் காப்பாற்ற முடியாது. அதனால் ரோட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லித்தந்தாக வேண்டும். நம்ம விதி இதைத் தெரிந்துகொண்டும் ‘கூட ஒருத்தர் உட்காரட்டும்’ என்று விட்டுவிட்டது.

இன்னொரு கொசுறு: எல் போர்டு போட்ட பைக்கில் பயிற்றுநர் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். வாங்கிய அன்றைக்கே டிரிபிள்ஸ் போகும் மாவீரர்கள் கவனிக்க!

எட்டோ எட்டு

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். நம்ம ஊரில் டூ-வீலர் டெஸ்ட் என்றாலே ‘எட்டு’. தரையில் வரைந்த எட்டு வடிவக் கோட்டில் காலை ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருப்பார். (மோட்டார் வாகன ஆய்வாளர் என்ற அழகான பதவிப் பெயர் இருக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் என்று யார் பெயர் வைத்தார்களோ... ஆனால் பிரேக் எப்படிப் பிடிக்கிறோம் என்பதைத்தான் அங்கே பெரிதாகப் பார்ப்பதில்லை!)

எட்டைக் குறை சொல்ல வேண்டாம். மெதுவான வேகத்தில் பேலன்ஸ், கிளட்ச், தலையைத் திருப்பிப் பார்த்து வளைப்பது எல்லாமே அதில் வந்துவிடும். குறுகலான தெருவில் யூ-டர்ன் போடும்போது அது கைகொடுக்கும். ஆனால், எட்டு போடுவது நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. உயிர் போவது அந்த வேகத்தில் இல்லையே!

ஒரு கணக்கு போடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். முன்னால் போகும் ஷேர் ஆட்டோ கைகாட்டிய ஆளைப் பார்த்ததும் சடாரென்று நிற்கிறது. நம்ம மூளை அதைப் பதிவு செய்து, விரலுக்கு ஆர்டர் போட்டு, விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு வினாடி காலி. 14 மீட்டர் போயாச்சு! ரெண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் நல்ல ரோட்டில் இன்னும் 16, 17 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால்? நிற்கும் தூரம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்’ என்று நம்ம குருநாதர்கள் எல்லோரும் சொல்லித்தந்த பாடம் இருக்கிறதே, அது சைக்கிள் காலத்து பயம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முழுக்க முன் சக்கரத்துக்குச் சாய்கிறது. அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். இதைக் கிரவுண்டில் ஐம்பது தடவை செய்து பார்த்தால்தான் ரோட்டில் ஒரு தடவை தானாக வரும். 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். மிஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாச்சு. ஓட்டுகிறவருக்குத்தான் பாக்கி!

வேடிக்கை என்னவென்றால், டெஸ்ட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லும் 15-வது விதியில், அவசரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டுவதும் இருக்கிறது. விதியில் இருக்கிறது. மைதானத்தில் எட்டு மட்டும் இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஊர்ல எப்படி?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 1990 டிசம்பரில் ஒரு விஷயம் கட்டாயமானது. சுருக்கமாக சி.பி.டி. கட்டாய அடிப்படைப் பயிற்சி. ஒருசில விதிவிலக்கு தவிர, இதை முடிக்காமல் எல் போர்டு மாட்டிக்கொண்டுகூட யாரும் பைக்கை ரோட்டில் இறக்க முடியாது. நம்ம ஊரில் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டு ரோட்டில்தான் கற்றுக்கொள்கிறோம். அங்கே, கற்றுக்கொண்டுதான் ரோட்டுக்கே வர வேண்டும்.

இதற்கு முன்னால் அங்கேயும் நம்ம கதைதான். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, ‘தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போயிட்டு வாப்பா’ என்று அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு பையன் என்ன செய்தான் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்!

சி.பி.டி. வழக்கமாக ஒரே நாளில் முடிகிற பயிற்சி. ஐந்து கட்டம். முதலில் சட்டம், டிரெஸ், ஹெல்மெட் பற்றிப் பேச்சு, கூடவே கண் டெஸ்ட். எப்படித் தெரியுமா? 20 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டை வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாவிட்டால் அன்றைக்குப் பயிற்சி அத்தோடு சரி. பிறகு வண்டியை நிறுத்தி வைத்தே அறிமுகம்: ஸ்டாண்ட் போடுவது, தள்ளிக்கொண்டு போவது, சுவிட்சுகள். மூன்றாவது, அடைத்த மைதானத்தில் ஓட்டுவது, எட்டு போடுவது, அவசர பிரேக். ஆமாம், அங்கேயும் எட்டு உண்டு. அது ஒரு பாடம், அவ்வளவுதான். நாலாவது ரோடு பற்றிய வகுப்பு. கடைசியாக, உண்மையான டிராஃபிக்கில் குறைந்தது ரெண்டு மணி நேரம். வாத்தியார் பின்சீட்டில் உட்கார மாட்டார். தனி பைக்கில் பின்னால் வந்துகொண்டே, ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் பேசுவார்.

இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. ‘இவன் தனியாகப் போகலாம்’ என்று வாத்தியாருக்குத் திருப்தி வந்தால் சர்டிஃபிகேட். வரவில்லையா, இன்னொரு நாள் வா. அந்த சர்டிஃபிகேட்டும் ரெண்டே வருடம்தான் செல்லும். அதற்குள் முழு லைசென்ஸ் வாங்காவிட்டால் மறுபடி முதலில் இருந்து! 17 வயசுக்காரர் 125 சி.சி. வரைதான் ஓட்டலாம். பெரிய பைக் வேண்டுமென்றால் படிப்படியாக 19, 21 என்று காத்திருக்க வேண்டும். நேராகப் பெரிய பைக்குக்கே போவதென்றால் 24. நம்ம ஊரில் 18 ஆன மறுநாளே 650 சி.சி. வாங்கி மேட்டில் ஏற்றலாம், கேட்க ஆளில்லை.

இதைவிட முக்கியம், அங்கே சொல்லித்தருபவரை அரசு எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பது. டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு அங்கீகரித்த ஸ்கூல்தான் சி.பி.டி. நடத்த முடியும். பயிற்சி மைதானத்துக்கும் தனியாக அனுமதி. வாத்தியாருக்கு 21 வயசு ஆகியிருக்க வேண்டும், மூன்று வருடமாவது பைக் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அரசின் ரெண்டு நாள் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். மற்றவர்களை அவர் பழக்கலாம். மைதானத்தில் ஒரு வாத்தியாருக்கு நாலு பேர், ரோட்டில் ரெண்டே பேர். அதற்கு மேல் ஒரு ஆளைச் சேர்த்தாலும் தப்பு. சொல்லாமல் கொள்ளாமல் அரசு ஆட்கள் வந்து நின்று வகுப்பைப் பார்ப்பார்கள். வெற்று சர்டிஃபிகேட் புத்தகத்தைக்கூட ஸ்கூல்கள் அரசிடம்தான் வாங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கணக்கு.

அப்புறம்தான் மெயின் பரீட்சை. 2009-ல் இருந்து அது ரெண்டு பாகம். முதல் பாகத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசர பிரேக் போட்டுக் காட்ட வேண்டும். அதே வேகத்தில் குறுக்கே எதுவோ வந்த மாதிரி விலகி ஓட்டிக் காட்ட வேண்டும். மேலே போட்டோமே ஷேர் ஆட்டோ கணக்கு, அதற்கான பரீட்சை அங்கே இருக்கிறது!

அமெரிக்காவில் இது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். கலிஃபோர்னியாவில் 21 வயசுக்குக் கீழே இருந்தால் பயிற்சி கட்டாயம். ஃபுளோரிடாவில் 2008 ஜூலை முதல் பைக் லைசென்ஸ் கேட்கும் எல்லா வயசுக்காரருக்கும் கட்டாயம், தாத்தாவுக்கும் சேர்த்து!

ஆனா, இது வேலை செய்யுதா?

கொஞ்சம் சீரியஸாகப் பேசலாம். கோர்ஸ் படித்தால் விபத்து குறையுமா?

1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவிகிதம் பேர் தானாகவோ, குடும்பத்தார், நண்பர்கள் மூலமாகவோ கற்றுக்கொண்டவர்கள். மாமா பையன் அங்கேயும் இருந்திருக்கிறார்! முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள் விபத்தில் சிக்குவது குறைவு, சிக்கினாலும் காயம் குறைவு என்பது அந்த ஆய்வின் முடிவு.

ஆனால், 2010-ல் உலகம் முழுக்க நடந்த இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் மொத்தமாக அலசிய காக்ரேன் குழு, ‘இந்தப் பயிற்சிதான் விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகளின் தரம் போதவில்லை’ என்று சொல்லிவிட்டது. கட்டாயப் பயிற்சி என்றவுடன் சிலர் பைக்கே வேண்டாம் என்று ஒதுங்குவதும் விபத்து குறையக் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது.

இதை வைத்து ‘பார்த்தியா, கோர்ஸ் வேஸ்ட்’ என்று கிளம்ப வேண்டாம். பயிற்சி என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஸ்டன்ட் மாதிரி சில வித்தைகளை மட்டும் கற்றுத்தந்தால், ‘நமக்குத்தான் தெரியுமே’ என்ற மிதப்பு வந்து வேகம் கூடிவிடும். ரோட்டைப் படிக்க, அடுத்தவர் செய்யப்போகும் தப்பை முன்கூட்டியே பார்க்கச் சொல்லித்தந்தால் கதை வேறு. இதில் எது நடக்கிறது என்று கவனிக்கத்தான் அரசாங்கத்தின் கண் தேவை. ஸ்கூலைத் திறக்க லைசென்ஸ் கொடுத்துவிட்டு, வகுப்பில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருந்தால், அது ஃபீஸ் வசூலிக்கும் இன்னொரு வழி, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், டூ-வீலருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் முன்னால் இருக்கிற விதியை உயிரோடு நடத்திக்காட்டுவதுதான் முதல் வேலை. இல்லாவிட்டால் ஃபார்ம் 5-க்கு ஒரு ரேட் வந்துவிடும்.

ஆர்.டி.ஓ. டெஸ்ட்டே இல்லையாமே?

2024 மே மாதம் உங்க வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். ‘ஜூன் 1 முதல் டிரைவிங் ஸ்கூலிலேயே லைசென்ஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகவே தேவையில்லை!’ பாதி உண்மை, பாதி புருடா.

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி 2021 ஜூன் 7-ல் புது விதிகள் வந்தன. ஜூலை 1 முதல் அமல். அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்று ஒரு புது வகை. டூ-வீலர், கார் பயிற்சிக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் நிலம், சிமுலேட்டர், தனி டெஸ்ட் டிராக், பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ். மாஸ்டர் குறைந்தது ப்ளஸ் டூ. இந்த மையத்தில் படித்துத் தேறினால் ஃபார்ம் 5பி கிடைக்கும். அதை வைத்திருப்பவருக்கு ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக்காட்டும் டெஸ்ட் கிடையாது. ஆனால், லைசென்ஸ் தருவது அப்போதும் ஆர்.டி.ஓ.தான். தெருமுனை ஸ்கூலின் சாதா ஃபார்ம் 5-க்கு இந்தச் சலுகை இல்லை. ஜூன் 1-ல் புதிதாக எதுவும் மாறவில்லை என்று மத்திய அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்தது.

யோசனை நல்லதுதான். ஆனால், ஒரு ஏக்கரும் சிமுலேட்டரும் போட்டு ஒருவர் மையம் கட்டினால், அவர் முதலில் கண் வைப்பது லாரி, கார் பயிற்சி மேல். பைக் கற்றுக்கொள்ள மாமா பையன் ஃப்ரீயாக இருக்கும்போது, ஃபீஸ் கட்டி யார் வரப்போகிறார்கள்? அதுவும் போக, பாடம் நடத்துகிறவரே பரீட்சையும் வைத்து பாஸும் போட்டால், அவரைக் கண்காணிக்க இன்னும் கூர்மையான கண் வேண்டும். நம்ம இன்டர்னல் மார்க் கதை தெரியாதா என்ன!

கவுன்ட்டரில் கேளுங்க

இப்போதைக்கு நாம் என்ன செய்யலாம்? டூ-வீலர் கற்றுக்கொள்ள ஸ்கூலுக்குப் போகிறீர்களா... தங்கச்சியைச் சேர்க்கப் போகிறீர்களா... ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். லைசென்ஸ் ஒரிஜினல், சிலபஸ், மாஸ்டர்களின் பெயர் விவரம் மூன்றும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ‘ஃபார்ம் 15-ல என் பேர்ல மணி நேரம் எழுதுவீங்களா சார்?’ என்று கேளுங்கள். இப்படி ஒரு கேள்வியே இருக்கிறது என்று தெரிந்தவர் முன்னால் யாரும் பத்து மணி நேரத்தை மூன்றாகச் சுருக்கத் தயங்குவார்கள். அவசர பிரேக் சொல்லித்தருவீர்களா, எந்த கிரவுண்டில் என்றும் கேட்டுவிடுங்கள்.

லைசென்ஸே இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 5,000 ரூபாய். 18 ஆகாத தம்பியிடம் சாவியைக் கொடுத்தால் மாட்டுவது தம்பி மட்டுமல்ல. அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை ஜெயில், வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வருடம் ரத்து. எல்லாம் 2019 திருத்தத்தில் வந்தவை.

என்.எஸ்.எஸ். யூனிட்டுகளுக்கு ஒரு ஐடியா. ஹெல்மெட் பேரணி நடத்தி போட்டோ எடுத்தது போதும். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். உங்க ஏரியா ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. போன வருடம் எத்தனை டிரைவிங் ஸ்கூல்களில் ஆய்வு நடந்தது? எத்தனை ஸ்கூல்களுக்கு டூ-வீலர் பயிற்சிக்கு அனுமதி இருக்கிறது? எத்தனை லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது? டூ-வீலர் லைசென்ஸ் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஃபார்ம் 5 கொடுத்தார்கள்? முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்த பதிலைக் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், பார்க்கிங் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற போர்டு என்றால் இன்னும் விசேஷம்!